சுவாதீனமும் அனுமதியும்: குடியிருப்போர் உரிமையின் வரலாறு

உண்ண உணவும் உடுக்க உடையும் தேடிக்கொண்ட மனிதன் அடுத்தபடியாக நாடுவது இருக்க இடம். சொந்த நிலமும் சொந்த மனையும் உடையவர் எந்நாட்டிலும் சிலரே. ஏனையோர் பிறருக்குரிய கூரையின்கீழ் வாழ்பவரே ஆவர். அவ்வாறு வாழ்வதற்காக அவர்கள் கொடுக்கும் பணத்துக்கு வாடகை, குத்தகை, குடிக்கூலி எனப் பெயர்கள் பல உள. பணம் கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே உள்ள உறவு யாது என்பதைப் பற்றியோ, பணம் கொடுப்பவருள் மிகப் பெரும்பாலோர் ஒருகணமும் சிந்திப்பதில்லை. வீட்டைக் காலி செய்யும்படி நோட்டீஸ் வந்த பின்னரே சிந்திக்கத் தொடங்குகின்றனர். அப்போது காலம் கடந்துவிடுகிறது.

பினாங்கிலோ ஈப்போவிலோ கடைவீட்டு மேல்மாடியில் மாதவாடகை கொடுத்துக் குடியிருப்பவர் ஒருவர். தோட்டத்து லயத்தில், வாடகை ஒன்றும் கொடாமல், பாட்டன் காலந்தொட்டுக் குடியிருப்பவர் மற்றொருவர். இவ்விருவருள் எவருடைய இருப்பு உறுதியானது? மேலெழுந்தவாரியாக நோக்குவோர் தோட்டத்தவரே என்பர். மூன்று தலைமுறை ஒரே இடத்தில் பிறந்து வளர்ந்து, கோயில் கட்டி, மரம் நட்டு வாழ்ந்தவரை அசைக்க யாரால் ஆகும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் சட்டம் கூறும் விடை இதற்கு நேர்மாறானது. ஆறு மாதம் குடியிருந்த நகரத்தார் கையில் ஓர் உரிமை இருக்கிறது. அறுபது ஆண்டு குடியிருந்த தோட்டத்தார் கையில் அவ்வுரிமை இல்லை. இவ்வேற்றுமை எங்ஙனம் தோன்றியது, இதனால் நம்மவர் பெற்றதும் இழந்ததும் யாவை என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

ரோமாபுரி முதல் மலாக்கா வரை

பண்டை ரோமருடைய சட்டம் உலகில் பல நாட்டுச் சட்டங்களுக்குத் தாய் எனப் போற்றப்படுவது. ஆயினும் வாடகைக்காரனிடத்தில் அத்தாய் அன்பு காட்டவில்லை. வாடகைக்கு இருப்பவனுக்கு வீட்டின்மீது சுவாதீனம் உண்டென்று ரோமர் ஒப்புக்கொள்ளவில்லை. சொந்தக்காரனுக்காக அவன் வீட்டில் இருக்கிறான் என்பதே அவர்கள் கருத்து. ஆகவே சொந்தக்காரன் வீட்டை வேறொருவனுக்கு விற்றுவிட்டால், வாங்கினவன் வாடகைக்காரனை வெளியேற்றத் தடை இருந்ததில்லை. வெளியேற்றப்பட்டவன் பழைய சொந்தக்காரன்மேல் வழக்காடி நஷ்டஈடு பெறலாம். வீட்டைத் திரும்பப் பெறுதல் இயலாது. விற்பனை வந்தால் வாடகை முறியும் என்பதே அக்காலத்து நியதி.

ரோமச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ஒல்லாந்தர் இந்த ஒரு விதியை மட்டும் தலைகீழாக்கினர். வாடகையே முந்தும், விற்பனை அதற்குப் பிந்தும் என்று அவர்கள் வகுத்தனர். வீட்டை வாங்குகிறவன் அதில் இருக்கும் வாடகைக்காரனையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும், பேசிய காலம் முடியும்வரை அவனை அசைக்கலாகாது என்பது அதன் பொருள். ஒல்லாந்தர் தாம் ஆண்ட நாடுகளுக்குத் தம் சட்டத்தையும் கொண்டு சென்றனர். 1641இல் மலாக்காவை அவர்கள் கைப்பற்றினர். இலங்கையிலும் தென்னாப்பிரிக்காவிலும் அந்த ரோம ஒல்லாந்தச் சட்டமே இன்றளவும் பொதுச்சட்டத்தின் அடிப்படையாக விளங்குகிறது.

ஆங்கிலேயர் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தனர். ஆதியில் அவர்களுடைய கோர்ட்டுகளும் குத்தகையை ஆள்மீதுள்ள வாக்குறுதி என்றே கருதின. வாக்குத் தவறினால் பணம் கேட்கலாம். நிலத்தைக் கேட்க இயலாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இந்நிலை சிறிது சிறிதாக மாறத் தொடங்கிற்று. 1499ஆம் ஆண்டளவில், காலம் முடியுமுன் வெளியேற்றப்பட்ட குத்தகைக்காரன் நிலத்தையே மீட்டுக்கொள்ளலாம் என்று கோர்ட்டு ஒப்புக்கொண்டது. அன்றுமுதல் குத்தகை வெறும் வாய்ச்சொல்லாக இல்லாமல், நிலத்தின்மேல் உள்ள ஓர் உரிமையாக உயர்ந்தது. 1583இல் தீர்ப்பான ஸ்பென்சர் வழக்கின் பின்னர், நிலத்தைச் சார்ந்த உடன்படிக்கைகள், குத்தகையைப் பிறகு பெற்றவரையும் கட்டும் என்னும் விதி நிலைத்தது. 1677ஆம் ஆண்டுச் சட்டமொன்று, மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகை எழுத்திலே இருத்தல் வேண்டும் என்று விதித்தது. இந்த மூன்றாண்டு என்னும் எல்லையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அது கடல் கடந்து மலாயாவுக்கும் வந்தது.

1826ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளியான இரண்டாம் நீதிச் சாசனத்தின் மூலம் பினாங்கு, மலாக்கா, சிங்கை ஆகிய மூன்று துறைமுகங்களிலும் ஆங்கிலச் சட்டம் வேரூன்றியது. அப்பொழுதிருந்து இங்குள்ள வீட்டுச் சொந்தக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் இடையே உள்ள உறவு பெரும்பாலும் அச்சட்டத்தின் வழியே நடந்து வருகிறது.

சீட்டுக்குள் அடங்கிய பொருள்

வாடகை என்பது யாது? ஒரு குறிப்பிட்ட இடத்தை, ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு, பிறர் தலையீடின்றி அனுபவிக்கும் உரிமையை விலைக்குப் பெறுவதே அது. இடம், காலம், முழுச் சுவாதீனம் ஆகிய மூன்றும் கூடினால்தான் வாடகை பிறக்கிறது. அக்காலம் முடியும்வரை வீட்டுக்கு எசமானர் வாடகைக்காரரே. சொந்தக்காரரும் கதவைத் தட்டி, உத்தரவு பெற்றே உள்ளே வரவேண்டியவர். அமைதியாகக் குடியிருக்க இடங்கொடுத்தல் அவருடைய கடமை. தண்ணீரை அடைத்தும், விளக்கை அணைத்தும், கதவுக்குப் பூட்டிட்டும் குடியிருப்பவரைத் துரத்த முயல்வது அக்கடமைக்கு மாறானது. வாடகைக்காலம் தீர்ந்த பின்னரும் குடியிருப்பவர் எழவில்லையாயின், சொந்தக்காரர் கோர்ட்டின் மூலமாகவே இடத்தை மீட்க வேண்டும் என்று மலேசியச் சட்டம் கூறுகிறது.

வாடகைக்காரருக்கும் கடமைகள் உள. குறித்த நாளில் வாடகை செலுத்துதல், வீட்டைப் பழுதுபடாமல் வைத்தல், காலம் முடிந்தவுடன் ஒப்படைத்தல் என்பன அவற்றுள் முக்கியமானவை. பாக்கி வைத்தால், சொந்தக்காரர் கோர்ட்டின் உத்தரவு பெற்று வீட்டிலுள்ள சாமான்களை ஜப்தி செய்ய வழியுண்டு. மலேசியாவில் 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டம் பன்னிரண்டு மாதப் பாக்கி வரையில் இதற்கு இடமளித்தது. காலம் கடந்தும் பிடிவாதமாக இருப்பவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே சட்டம் ஒருசாரார்க்கே உரியதென எண்ணுதல் தவறு. கைமாறிய உரிமைக்கு ஏற்பக் கைமாறிய கடமையும் உண்டு.

கிளாஸ்கோ நகரத்துப் பெண்கள்

சட்டம் இவ்வளவு தெளிவாயிருந்தும் ஏழை வாடகைக்காரருக்கு ஒரு பெருங்குறை இருந்தது. காலம் முடிந்தவுடன் வாடகையை எவ்வளவும் உயர்த்த வீட்டுக்காரருக்கு உரிமை இருந்தது. மாதவாடகைக்கு இருப்பவருக்கோ காலம் மாதந்தோறும் முடிகிறது. எனவே உரிமை கையில் இருந்தும் வீடு கையில் நில்லாமற் போயிற்று.

முதல் உலக யுத்தத்தின்போது ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் கப்பல் கட்டவும் ஆயுதம் செய்யவும் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வந்து குவிந்தனர். வீடோ போதவில்லை. இச்சமயத்தைப் பயன்படுத்திச் சொந்தக்காரர்கள் வாடகையை உயர்த்தினர். ஆண்களுள் பலர் போர்முனையில் இருந்தனர். எதிர்த்து நின்றவர் பெண்களே. மேரி பார்பர் முதலிய மாதர் தலைமையில், உயர்த்திய வாடகையைக் கொடுக்க மாட்டோம் என்று அவர்கள் மறுத்தனர். காலி செய்விக்க வந்த கோர்ட்டுச் சேவகரைத் தெருவே திரண்டு தடுத்து நிறுத்தியது. 1915ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் வாடகை மறுத்தோர் சிலர்மேல் தொடுத்த வழக்கு விசாரணைக்கு வந்தபோது, கோர்ட்டைச் சூழ்ந்து பெருங்கூட்டம் நின்றது. வழக்குக் கைவிடப்பட்டது. அவ்வாண்டு முடியுமுன்னரே பிரிட்டிஷ் பார்லிமெண்டு, யுத்தம் தொடங்கிய 1914 ஆகஸ்டில் இருந்த அளவுக்கு மேல் சிறு வீடுகளின் வாடகையை உயர்த்தலாகாது என்று சட்டம் செய்தது. வாடகைக் கட்டுப்பாடு என்னும் கொள்கை பிரிட்டனில் சட்டமான வரலாறு இதுவே.

சிங்கையில் 1947

இரண்டாம் யுத்தத்துக்குப் பின் சிங்கையும் அதே நெருக்கடிக்கு உள்ளாயிற்று. 1947ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 9 லட்சத்து 38 ஆயிரம் பேர். யுத்தத்தில் வீடுகள் அழிந்தன, புதிதாகக் கட்டப்படவில்லை. ஒரு கடைவீட்டின் மாடியைப் பலகைகளால் தடுத்து, காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளாக்கி, அறைக்கொரு குடும்பம் வாழ்ந்தது. இடமில்லாதவர் மாடிப்படியின் கீழும் அஞ்சடியிலும் படுத்துறங்கினர்.

அவ்வாண்டில் இயற்றிய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1939 ஆகஸ்டில் இருந்த வாடகையை அடிப்படையாகக் கொண்டது. 1947 செப்டம்பர் 7ஆம் தேதிக்குப் பிறகு கட்டி முடித்த கட்டடங்களுக்கு அச்சட்டம் செல்லாது. பாக்கி வைத்தல், அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை விளைத்தல், தகாத தொழிலுக்கு இடத்தைப் பயன்படுத்தல் முதலிய குறிப்பிட்ட காரணங்கள் இருந்தாலன்றிக் குடியிருப்பவரை எழுப்பலாகாது. வீட்டை வாடகைக்கு விடும்போது வாடகைக்குமேல் கைப்பணம் வாங்குவது குற்றம். தகராறுகளைத் தீர்க்க வாடகைச் சமரச போர்டு ஒன்றும் அமைந்தது. மலாயா நாட்டிலும் இத்தகைய சட்டம் பிறந்தது. 1948 ஜனவரி 31ஆம் தேதி வரையில் கட்டிய கட்டடங்களை அது காத்தது. பின்னர் 1966ஆம் ஆண்டுச் சட்டமாக அது நிலைபெற்றது.

இச்சட்டங்களால் எண்ணற்ற ஏழைக் குடும்பங்கள் தெருவுக்கு வாராமல் தப்பின என்பதில் ஐயமில்லை. சிராங்கூன் சாலையிலும் பினாங்குத் தெருவிலும் சிறு முதலோடு கடை வைத்த நம்மவர், அடுத்த மாதம் கடை நமதோ அன்றோ என்னும் அச்சமின்றித் தொழில் செய்ய முடிந்தது. தையற்காரர், பூக்கட்டுவோர், மாவரைப்போர், நகை செய்வோர் எனப் பல தொழிலாளர் நகரின் நடுவிலேயே நிலைத்து வாழ இக்கட்டுப்பாடு துணைசெய்தது.

மருந்து நோயான கதை

ஆயினும் எந்த மருந்தையும் அளவுக்குமேல் நெடுங்காலம் உண்டால் அதுவே நோயாகும். சட்டம் வாடகையை நிறுத்திற்று, விலைவாசியை நிறுத்தவில்லை. கூரை ஓடு, சுண்ணாம்பு, கூலி முதலிய யாவும் உயர்ந்தன. ஒரு வருஷ வாடகை முழுவதும் ஒரு சுவரைப் பூசவும் காணாது என்னும் நிலையில் சொந்தக்காரர் வீட்டைப் பழுதுபார்க்க முன்வரவில்லை. மழையில் ஓடு உடைந்தது. உத்தரத்தில் செல் அரித்தது. வீட்டுக்காரர் எல்லாரும் செல்வர் என எண்ணுவதும் பிழையாகும். வாழ்நாள் முழுதும் சேர்த்த பணத்தில் ஒரே வீடு வாங்கி, அதன் வாடகையால் முதுமையைக் கழிக்க எண்ணிய கைம்பெண்டிரும் அவர்களுள் இருந்தனர்.

மற்றொரு தீமையும் முளைத்தது. சொந்தக்காரருக்கும் ஏழைக் குடிக்கும் நடுவே தலைமை வாடகைக்காரர் என்றொருவர் நின்றார். அவர் சொந்தக்காரருக்குப் பழைய வாடகை கொடுப்பார். அறைகளை உள்வாடகைக்கு விட்டு அதனினும் பன்மடங்கு பெறுவார். சட்டத்தின் நிழல் அவர்மேல் விழுந்தது. வெயில் உள்வாடகைக்காரர்மேல் விழுந்தது. கைப்பணம் வாங்கலாகாது எனச் சட்டம் சொல்லியும், தேநீர்ப் பணம் என்னும் பெயரால் அது கைமாறியே வந்தது. வீட்டை விட்டு எழுபவர் வருபவரிடமும், கடையை விடுபவர் எடுப்பவரிடமும் அதைக் கேட்டனர். வாடகை மலிவாக இருந்தமையாலேயே அந்த வாடகைக்குள் நுழையும் வாயிலின் விலை ஏறிற்று. ஏற்கெனவே உள்ளே இருந்தவர் காக்கப்பட்டார். வெளியே நின்ற புதியவரும் வறியவரும் காக்கப்படவில்லை. வீடு பெருகினாலன்றி வாடகைக் குறை தீராது என்பதையும், கட்டுப்பாடு மட்டும் வீடு கட்டித் தராது என்பதையும் இவ்வனுபவம் தெளிவாக்கிற்று.

சிங்கைச் சர்க்கார் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக நகரின் வாணிப நடுப்பகுதியில் முதலில் கட்டுப்பாட்டைத் தளர்த்திற்று. எழுந்து செல்வோருக்கு நஷ்டஈடு தீர்மானிக்கவும் போர்டு ஒன்று இருந்தது. பின்னர் படிப்படியாகத் தளர்த்தி, 2001 ஏப்ரலில் முழுவதும் நீக்கிற்று. அதற்குள் 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் லட்சக்கணக்கான வீடுகளைக் கட்டிவிட்டது. ஆகவே அங்கே கட்டுப்பாடு நீங்கியபோது பெரும்பாலோருக்கு வேறு கூரை ஆயத்தமாக இருந்தது.

மலேசியாவில் நிகழ்ந்தது வேறு. 1997இல் கட்டுப்பாடு ரத்தாயிற்று. 1999 டிசம்பர் 31ஆம் தேதிவரை தவணை கொடுக்கப்பட்டது. நாட்டில் வேறெந்த நகரினும் மிகுதியாகக் கட்டுப்பாட்டு வீடுகள் இருந்த இடம் பினாங்கு ஜார்ஜ்டவுன். 2000ஆம் ஆண்டு பிறந்ததும் அங்கே வாடகை பன்மடங்கு உயர்ந்தது. தலைமுறை தலைமுறையாக இருந்த குடிகள் நகருக்கு வெளியே சென்றனர். தந்தையும் பாட்டனும் நடத்திய சிறு தொழில்கள் பல மூடப்பட்டன. 2008 ஜூலையில் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் உலகப் பாரம்பரிய நகரங்கள் என யுனெஸ்கோ அறிவித்தது. எந்த மக்களின் வாழ்வு அத்தெருக்களுக்கு அழகு தந்ததோ, அம்மக்களுள் பலர் அதற்குமுன்பே அங்கிருந்து பெயர்ந்துவிட்டனர். கட்டுப்பாட்டை நீக்கியதைக் குறை என்று சொல்வதற்கில்லை. போவதற்கு இடம் கட்டாமல் நீக்கியதே குறையாகும்.

சொந்த வீடும் குத்தகையே

இங்கே ஒரு செய்தியைக் கூறாமல் மேற்செல்லுதல் தகாது. சிங்கை மக்களில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ எட்டுப் பேர் வாழும் கழக வீடுகளைச் சொந்த வீடு என்று யாவரும் வழங்குகின்றனர். வாங்கி விற்பதால் அவ்வாறு அழைப்பதும் பொருந்தும். ஆனால் சட்டப்படி அவை 99 ஆண்டுக் குத்தகையே. காலம் முடிந்தால் இடம் நிலத்துக்கு உரியவரைச் சேரும். இது வெறும் ஏட்டு நியாயமன்று. கேலாங் மூன்றாம் லோரோங்கில் இருந்த 191 தனியார் வரிசை வீடுகளின் 60 ஆண்டுக் குத்தகை 2020 டிசம்பர் 31ஆம் தேதி முடிவுற்றது. அவ்விடம் நஷ்டஈடின்றி அரசிடம் சென்றது. அங்கிருந்தவர் எவருக்கும் அநியாயம் செய்யப்படவில்லை. சீட்டில் எழுதியிருந்தபடியே நடந்தது. காலம் என்பது குத்தகையின் உயிர். அவ்வுயிர் நாளுக்கு நாள் தேய்கிறது என்பதை வாங்குகிறவர் அறிந்து வாங்க வேண்டும்.

லயத்து வீட்டின் நிலை

இனித் தோட்டத்துக்குச் செல்வோம். இடம், காலம், முழுச் சுவாதீனம் மூன்றும் கூடினால்தான் வாடகை பிறக்கும் என்று மேலே கண்டோம். லயத்து வீட்டில் இம்மூன்றில் எது இருந்தது? இடம் நிர்வாகம் காட்டியது. வேறு வீட்டுக்கு மாறச் சொன்னால் மாற வேண்டும். காலம் என்று ஒன்று எழுதப்படவில்லை. வேலை உள்ளவரை வீடு. வாடகையும் கொடுக்கப்படவில்லை. ஆகையால் தொழிலாளியைச் சட்டம் வாடகைக்காரர் என்று கொள்ளாமல், வேலையின் பொருட்டு அனுமதி பெற்று இருப்பவர் என்று கொண்டது. அனுமதி கொடுத்தவர் அதை எடுத்துக்கொள்ளவும் கூடும். பால்மரத்துக்கும் லயத்துக்கும் இடையே ஓடிய வாழ்வில், வேலைநீக்கம் என்னும் ஒரே சொல் கூலியையும் கூரையையும் ஒருங்கே பறித்தது. வாடகை இல்லை என்பதைச் சலுகையென்று நம்மவர் மகிழ்ந்தனர். அந்த வாடகையோடு வரவேண்டிய உரிமையும் இல்லாமற் போனதை அவர்கள் அறிந்தாரில்லை.

1950ஆம் ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுச் செல்லத் தொடங்கின. வாங்கியோர் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றனர். தொழிலாளர் வேலையையும் வீட்டையும் இழந்தனர். உங்கு அஜீஸ் அவர்களின் தலைமையில் இத்துண்டாடலைப் பற்றி விரிவான ஆராய்ச்சி நடந்தது. அக்காலத்தில் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதந்தோறும் சிறு தொகையைச் சேர்த்து நிலத்தை நாமே வாங்குவோம் என்று தொழிலாளரைத் தூண்டினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டில் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டத்தை அது வாங்கிற்று. அனுமதியின்பேரில் இருப்பவர் உரிமையுடையவராக மாறுவதற்கு ஒரு வழி நிலத்தைக் கூட்டாக வாங்குவதே என்பதை அம்முயற்சி காட்டிற்று.

சர்க்கார் 1966இலும் 1990இலும் சட்டங்கள் இயற்றித் தொழிலாளர் வீடு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்று வகுத்தது. தண்ணீர், வெளிச்சம், சுகாதாரம் முதலியவற்றுக்கு அவை வழிசெய்தன. நல்ல வீட்டில் இருப்பது வேறு, அவ்வீட்டில் நிலைத்திருப்பது வேறு. பின்னவற்றுக்கு அவற்றில் போதிய விடை இல்லை. பிற்காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் நகரங்களாக மாறியபோது, லயம் லயமாக மக்கள் எழுப்பப்பட்டதற்கு அடிப்படை இதுவே.

அனுமதி என்பது தோட்டத்தில் மட்டும் உள்ளதன்று. சர்க்கார் நிலத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் என்னும் சீட்டின்பேரில் வாழ்ந்தோர் பலர். 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத் தொகுப்பின்படி அந்த உரிமம் கொடுத்த ஆண்டின் முடிவுக்குமேல் செல்லாது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதைப் பிறருக்கு மாற்ற முடியாது. பெற்றவர் இறந்தால் அதுவும் முடிந்தது. மகனுக்கு அது சொத்தாகாது. பினாங்கில் மாடும் ஆடும் வளர்த்துத் தலைமுறையாகத் தமிழர் வாழ்ந்த புவா பாலா கிராமம் 2009இல் இடிக்கப்பட்டதைப் பலரும் அறிவர். கோர்ட்டின் முடிவு அம்மக்களுக்குச் சாதகமாக அமையவில்லை. நெடுநாள் வாழ்ந்ததே உரிமை என்னும் நம்பிக்கை சட்டத்தின்முன் நிற்கவில்லை.

பெயரும் பொருளும்

அப்படியானால், சொந்தக்காரர் அனுமதி என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் வாடகைக்காரரின் உரிமையெல்லாம் ஒழிந்துபோகுமா? இக்கேள்விக்கு 1985இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை விடை கூறிற்று. ஸ்திரீட் எதிர் மவுண்ட்போர்டு என்னும் அவ்வழக்கில், வாரம் 37 பவுன் கொடுத்து இரண்டு அறைகளில் குடியிருந்த ஒரு மாது, இது வாடகையன்று, வெறும் அனுமதியே என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டிருந்தார். வாடகைக் கட்டுப்பாட்டிலிருந்து தப்பவே சொந்தக்காரர் அவ்வாறு எழுதியிருந்தார். நீதிபதிகள் தாளின் தலைப்பைப் பார்க்கவில்லை. உள்ளிருந்த பொருளைப் பார்த்தனர். முழுச் சுவாதீனமும், காலமும், பணமும் இருந்தமையால், பெயர் எதுவாயினும் அது வாடகையே என்று தீர்ப்பளித்தனர். மண்வெட்டியைச் செய்துவிட்டு அதற்குக் கத்தி என்று பெயரிட்டால் அது கத்தியாகிவிடுமா? ஆயினும் வேலையின் பொருட்டுக் கொடுத்த வீட்டை அத்தீர்ப்பும் விதிவிலக்காகவே நிறுத்திற்று. லயத்தாருக்கு அங்கேயும் நிழல் கிடைக்கவில்லை.

நாம் செய்யத்தக்கவை

இவ்வளவும் ஆராய்ந்த பின் வெளிப்படும் உண்மை ஒன்றுண்டு. குடியிருப்பவருடைய பலம் வீட்டுக்காரரின் நல்லெண்ணத்திலும் இல்லை. இருந்த ஆண்டுகளின் எண்ணிக்கையிலும் இல்லை. கையில் உள்ள உரிமை சுவாதீனமா அனுமதியா என்பதிலும், அதற்குச் சான்று உண்டா என்பதிலுமே உள்ளது.

ஆகவே வாடகைக்கு இருப்போர், எத்துணைச் சிறிய அறையாயினும் எழுத்துமூலமான சீட்டுப் பெறுவாராக. அதில் இடம், காலம், தொகை, முன்பணம், பழுதுபார்க்கும் பொறுப்பு ஆகியவை தெளிவாக இருக்கட்டும். முறைப்படி முத்திரை செலுத்தாத சீட்டைக் கோர்ட்டு சான்றாக ஏற்காது. கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேட்க வெட்கப்படலாகாது. தீபகற்ப மலேசியாவில் மூன்றாண்டுக்கு மேற்பட்ட குத்தகையாயின் நில அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். மூன்றாண்டுக்கு உட்பட்டதாயின் வாய்ப்பேச்சே போதும். ஆனால் நிலப்பட்டாவில் மேற்குறிப்பாகப் பதிந்துகொள்ளாவிடில், இடம் விற்கப்பட்டால் அது புதிய சொந்தக்காரரைக் கட்டாது. ஒல்லாந்தர் ஒழித்த ரோமாபுரி விதி, பதியாமல் விட்டவர் வீட்டு வாசலில் இன்றும் வந்து நிற்கிறது என்பதை இதனால் அறியலாம்.

வேலையோடு கூடிய வீட்டில் வாழ்பவர், அவ்வீடு தமதன்று என்பதை வேலை உள்ளபோதே உணர்ந்து, வேறொரு கூரைக்கு வழிதேடுவாராக. தனியே இயலாததைச் சங்கமாகக் கூடிச் செய்யலாம் என்பதற்கு 1960ஆம் ஆண்டு முயற்சியே போதிய சான்று. கிளாஸ்கோ நகரத்துப் பெண்கள் சட்டம் படித்தவரல்லர். தம் நிலையை அறிந்தவர், ஒன்றுபட்டவர். அவ்விரண்டும் நம்மவருக்கும் இருக்குமாயின், நோட்டீஸ் வரும் நாளன்று கலங்கி நிற்கும் நிலை நமக்கும் நம் மக்களுக்கும் வாராது.